மான் படத்துக்கு அடியில் ஓர் ஆறரை அடி ரம்பம்

போன அக்டோபரில் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி வீட்டைக் காலி செய்து, சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். ஓரிகனில் இது வாராவாரம் நடப்பதுதான். நான் போனது ஒரு ஏணிக்காக. ஏணி அதற்குள் விற்றுப்போயிருந்தது. கராஜ் சுவரில் ஆறரை அடி நீளத்துக்கு ஒரு பெரிய ரம்பம் தொங்கியது. அதன் தகட்டில் ஏரி, மரவீடு, பனிமலை, ஏரிக்கரையில் தண்ணீர் குடிக்கும் மான் எல்லாம் எண்ணெய்ச் சாயத்தில் தீட்டியிருந்தது. அமெரிக்காவில் பழைய ரம்பத்துக்கு இதுதான் கதி. வேலை போனதும் அதில் மான் வரைந்து மாட்டிவிடுவார்கள்.

25 டாலர். சாயத்தைச் சுரண்டலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "அத்தை வரைந்ததிலேயே மோசமான படம் அது, தாராளமாகச் சுரண்டு" என்றார் பாட்டி. அவருடைய அப்பா கடற்கரை மலைத்தொடரில் மரம் வெட்டும் கேம்ப் ஒன்றில் வேலை பார்த்தவராம். கேம்பை மூடியபோது வீட்டுக்கு வந்தது இந்த ரம்பம்.

வீட்டுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது. காருக்குள் நுழையவில்லை. தோளில் போட்டு நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் தகடு மேலும் கீழும் ஆடி "வொய்ங்" என்றது. பல் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், கழுத்துப் பக்கம் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் பாடம் சட்டைக் காலரோடு போயிற்று.

சாயத்தை எடுக்கும்போது அவசரப்படக் கூடாது. பழைய சாயத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூளாகி மூக்குக்குள் போகும். சாயம் கரைக்கும் பசையைப் பூசி, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து எடுத்தேன். முதலில் மலை போனது, பிறகு வீடு, கடைசியாக மான். அடியில் துரு. அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றி, மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். மூன்று மாலை அப்படித் தேய்த்தேன். நாலாம் நாள் பொறுமை போய், கையிலிருந்த கிரைண்டரில் தேய்ப்புத் தட்டை மாட்டி ஓர் ஓரத்தில் வைத்தேன். பத்து விநாடிதான். வைத்த இடம் மயில்கழுத்து நிறத்துக்கு மாறிவிட்டது.

அந்த இடத்தைப் படம் எடுத்துச் செங்கோட்டையில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். நாற்பது வருஷம் மர அறுவை மில்லில் ரம்பங்களுக்கு அரம் போட்டவர். அடுத்த நிமிஷமே வீடியோ அழைப்பு வந்தது.

"ஏலே, நீலம் பாரிச்சிருக்குல்லா? அந்த எடத்துல எஃகு செத்துப்போச்சு. மிசினத் தொடாதன்னு சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லணுமா ஒனக்கு?"

"பல்லுல படல சித்தப்பா. முதுகு ஓரத்துலதான்."

"அதனால பொழச்ச. இனி கை, அரம், எண்ணெய். வேற ஒண்ணும் வேண்டாம்."

துரு போனதும் தகட்டின் நடுவில் மங்கலாக எழுத்து தெரிந்தது. சைமண்ட்ஸ் என்ற ரம்பக் கம்பெனியின் 'ராயல் சினூக்' ரகம். அங்கே மட்டும் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இது மரம் சாய்க்கும் ரம்பம். முதுகு உள்பக்கமாக வளைந்திருப்பதை வைத்துச் சொல்லிவிடலாம். சாய்ந்த மரத்தைத் துண்டு போடும் ரம்பத்துக்கு முதுகு நேராக இருக்கும், தகடும் கனம். சாய்க்கும் ரம்பத்தில் முதுகைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. எடை குறையும், தகடு வளைந்து கொடுக்கும், முக்கியமாக ரம்பம் மரத்துக்குள் கொஞ்சம் போனதுமே பின்னால் ஆப்பு அடிக்க இடம் கிடைக்கும். தகடும் ஒரே கனத்தில் இல்லை. பல் பக்கம் தடித்து, முதுகுப் பக்கம் மெலிந்திருக்கிறது. அதனால்தான் பல்லை இடமும் வலமுமாக அதிகம் சாய்க்காமலே அறுப்புத் தடத்துக்குள் தகடு சிக்காமல் ஓடும். கண்ணால் பார்த்தால் தெரியாது. கேலிப்பர் வைத்தபோதுதான் தெரிந்தது, இதைக் கடைந்தவன் எவ்வளவு யோசித்திருக்கிறான் என்று.

இந்தப் பக்கத்துக் காடுகளில் டக்ளஸ் ஃபிர் மரங்களை 1880-கள் வரை பெரும்பாலும் கோடாலியால்தான் சாய்த்தார்கள். பிறகு கோடாலி முன்வெட்டுக்கு மட்டும் என்றானது. மரம் விழ வேண்டிய திசையில் கோடாலியால் ஒரு வாய் வெட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் ரம்பம் போட்டார்கள். அதுவும் தரையில் நின்று அல்ல. அடிமரம் பருத்து, பிசின் கட்டிக் கிடக்கும். அதற்கு மேலே அறுத்தால் பாதி வேலை மிச்சம். மரத்தில் கோடாலியால் ஒரு பொந்து போட்டு, நுனியில் இரும்பு கட்டிய பலகையை அதில் செருகி, அதன்மேல் ஏறி நிற்பார்கள். ஆளுக்கு ஒரு பலகை, எட்டு பத்து அடி உயரம்கூட. என் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் இருக்கும் காட்டுக்குள் இன்றும் அந்த அடிக்கட்டைகள் நிற்கின்றன. பலகை செருகிய இரண்டு பொந்தும் இரண்டு கண்போல, மழையில் கறுத்து, பாசி படர்ந்து, முதல் தடவை பார்த்தபோது என் மகள் அழுதுவிட்டாள்.

அந்தக் காலத்துப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. டேரியஸ் கின்சி என்ற புகைப்படக்காரர் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் மாநிலத்துக் கேம்புகளுக்குப் போய், வேலையாட்களைப் படம் எடுத்து அவர்களிடமே விற்றார். முன்வெட்டு வாய்க்குள் ஒருவர் தலைக்குக் கை வைத்துப் படுத்திருப்பார், பக்கத்தில் ரம்பமும் கோடாலியும் சாய்ந்திருக்கும். ரம்பத்துக்கு அரம் போட்டவரை அந்தப் படங்களில் தேடினேன், அரிதாகத்தான் கிடைக்கிறார். ஆனால் கேம்பில் அவருக்குத் தனிக் குடிசை, வெளிச்சம் நன்றாக விழும்படி பெரிய ஜன்னல், நல்ல சம்பளம். மாலையில் மழுங்கிய ரம்பத்தைக் கொடுத்துவிட்டு, காலையில் தீட்டியதை வாங்கிப்போவார்கள். அவர் கை சரியில்லை என்றால் அன்றைக்குக் காட்டில் எல்லோருக்கும் முதுகு ஒடியும். அது ஏன் என்பது இந்த ரம்பத்தில் கை வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

துரு போனதும் தகடு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்க வைத்தால் தன் எடையில் வளைந்து ஏமாற்றும். கராஜ் உத்தரத்திலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட்டு, இரும்பு ஸ்கேலை மேலிருந்து கீழாக நகர்த்தினேன். இரண்டு இடத்தில் நெளிவு. பழைய தண்டவாளத் துண்டின்மேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் மெல்ல, மெல்லத் தட்டி எடுத்தேன். ஒரு தட்டு, ஒரு பார்வை. ஒன்று முழுசாகப் போனது. இன்னொன்றை முக்கால்வாசியில் விட்டுவிட்டேன். துரத்திக்கொண்டே போனால் நெளிவு பக்கத்து இடத்துக்கு ஓடுகிறது.

அடுத்தது பல். எண்ணிப் பார்த்தேன். வெட்டும் பல் 76, நாலு நாலாக 19 கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் இரட்டைக் கொம்பு போல ஒரு பல், அது 18. சித்தப்பாவுக்குக் காட்டினேன்.

"இந்தக் கொம்பு எதுக்குலே? இது அறுக்காதே."

அவர் தீட்டியதெல்லாம் மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்கும் ரம்பங்கள். நார் போகிற போக்கிலேயே போகும் அறுப்பு அது, பல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளி. குறுக்கே அறுப்பது வேறு கதை. நாரை முதலில் இரண்டு பக்கமும் கத்திபோலக் கீற வேண்டும். அது வெட்டும் பல்லின் வேலை. கீறிய இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கும் மரத்தை இழைப்புளி மாதிரி சீவி, சுருளாக வெளியே வார வேண்டும். அது இந்தக் கொம்பின் வேலை. இதை ஒரு சுரைக்காயைக் கீறிச் சீவிக் காட்டினேன்.

"அப்ப வாரிப்பல்லுன்னு சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பேர்.

சூட்சுமம் எல்லாம் இந்த வாரிப்பல்லின் உயரத்தில் இருக்கிறது. வெட்டும் பல்லைவிட அது மயிரளவு தாழ்ந்திருக்க வேண்டும். கடின மரத்துக்கு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், மென்மரத்துக்கு அதைவிடச் சற்று அதிகம். கூடினாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல். ஆறரை அடி ரம்பம், ஆயிரம் வருஷத்து மரம், நடுவில் இந்த 0.3 மில்லிமீட்டர்.

முதலில் மட்டம் பிடிக்க வேண்டும். மரக்கட்டையில் பள்ளம் தோண்டி, அதில் நீளமான தட்டை அரத்தைப் பதித்து, ரம்பத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பற்களின் தலைமேல் ஓட்டினேன். உயர்ந்த பல் முதலில் தேயும். கடைசிப் பல்லின் நுனியிலும் ஒரு மின்னும் புள்ளி விழும் வரை ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் பற்கள் ஏற்கெனவே குட்டையாக இருந்ததால் மற்றவற்றையெல்லாம் அதற்கு இறக்க வேண்டியதாயிற்று. நல்ல எஃகைத் தேய்த்துக் கொட்டுகிறோமே என்று வயிறு எரிந்தது.

பிறகு வாரிப்பல். இதற்கென்று விற்கும் அளவுகோலின் விலையைப் பார்த்துவிட்டு, இரும்புத் துண்டில் நானே ஒன்று செய்தேன். இரண்டு பக்கத்து வெட்டும் பல்மேல் அது உட்காரும், நடுவில் வாரிப்பல் எட்டிப் பார்க்கும், எட்டிப் பார்ப்பதை அரத்தால் சீவிவிட வேண்டும். அளவு வைக்க மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். பயத்தில் 0.15-க்கு மட்டும் இறக்கினேன். எடுத்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா. கடைசியாக நடுப்பள்ளத்தை அரம் போட்டு, இரண்டு கொம்பின் விளிம்பையும் கூராக்கினேன்.

வெட்டும் பல்லுக்கு அரம் போடுவது தியானம் மாதிரி. மட்டம் பிடித்தபோது விழுந்த மின்னும் புள்ளிதான் வழிகாட்டி. பல்லின் சரிவில் அரத்தை ஓட்ட ஓட்ட அந்தப் புள்ளி சுருங்கும். கடுகளவாகும், ஊசிமுனையாகும், அப்புறம் இருக்காது. இல்லாமல் போன அந்த நொடியே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் பல் குட்டையாகி, பிடித்த மட்டம் வீண். ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரு பக்கம் முடித்துவிட்டு, ரம்பத்தைத் திருப்பிப் போட்டு மறுபக்கம். ஒரு நாளைக்குப் பத்துப் பல் என்று வைத்துக்கொண்டேன். மகள் தூங்கிய பிறகு கராஜில் நானும் வானொலியும் மட்டும்.

கடைசி வேலை பல் சாய்ப்பது. ஒரு பல் இடது, அடுத்தது வலது, நுனியில் மட்டும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். பின்னால் குட்டிப் பட்டடை ஒன்றைப் பிடித்து, முன்னாலிருந்து சுத்தியலால் ஒரு தட்டு. ஜனவரியில் இதை ஆரம்பித்தது என் புத்தி. கராஜில் குளிர் உறைநிலையைத் தொட்டிருந்தது, ஹீட்டர் போடச் சோம்பல். முப்பத்தோராவது பல்லைத் தட்டினேன். "டிக்" என்ற சத்தம். நுனி பறந்துபோய் எங்கோ அட்டைப்பெட்டிக்குப் பின்னால் விழுந்தது.

ஐந்து நிமிஷம் அப்படியே நின்றேன். குளிரில் எஃகு நொறுங்கும் என்பது தெரியாத விஷயமில்லை. மறுநாள் ஹீட்டரைப் போட்டு, தகட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்வரை காத்திருந்து மீதியை முடித்தேன். சித்தப்பாவிடம் மூச்சு விடவில்லை.

கைப்பிடிகள் உளுத்துப்போயிருந்தன. கடையில் கிடைத்த மேப்பிள் கட்டையைச் சீவி, பழைய இரும்புக் கொண்டியிலேயே மாட்டிவிட்டேன். சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

வெள்ளோட்டத்துக்குக் கட்டை தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பனிமழையில் எதிர்வீட்டு டக்ளஸ் ஃபிர் விழுந்து கிடந்தது, 22 அங்குலம் குறுக்களவு. மறுமுனையில் யார்? மனைவிதான். இந்த ரம்பத்தில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் மெல்லிய தகடு நெளிந்து சிக்கிக்கொள்ளும். தன் முறை முடிந்ததும் கையைத் தளர்த்தி விட்டுக்கொடுக்க வேண்டும். கேம்புகளில் இதைத் துயரச் சாட்டை என்று கூப்பிட்டது சும்மா இல்லை. சோம்பேறிக் கூட்டாளியிடம், "நீ ரம்பத்தின்மேல் சவாரி வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, காலைத் தரையில் தேய்க்காமல் வா" என்பார்களாம். எங்கள் வீட்டில் அந்த வசனம் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

முதல் அறுப்புக்கு 11 நிமிஷம். இரண்டு பேரும் நனைந்துவிட்டோம். கீழே விழுந்த சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரமெல்லாம் பிசிறு, கிழிந்த துணிபோல. பிசிறு இருந்தால் கீறல் போதுமான ஆழம் போவதற்குள் வாரிப்பல் மரத்தைப் பிடித்துப் பிய்க்கிறது என்று அர்த்தம். அதாவது வாரிப்பல் உயரம். என் பயம் அப்படியே சுருளின் ஓரத்தில் எழுதியிருந்தது.

திரும்பக் கராஜுக்குப் போய், 18 வாரிப்பல்லையும் 0.4-க்கு இறக்கிக் கூராக்கினேன். அரைநாள் வேலை. ஞாயிறு மதியம் மறுபடி கட்டைக்கு வந்தோம். பிசின் ஒட்டாமலிருக்க ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய் நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டுத் தகட்டில் தெளித்தேன். கேம்பிலும் இதேதான். பாட்டிலுக்கு ஒரு கொக்கி கட்டி மரப்பட்டையில் மாட்டிவைப்பார்கள். இந்தத் தடவை சத்தமே மாறிவிட்டது. முன்பு கரகர, இப்போது கம்பி மீட்டியது போன்ற ஒரு ரீங்காரம். ஒவ்வொரு இழுப்புக்கும் ரம்பம் தானாகக் கீழே இறங்கியது, அழுத்தவே தேவையில்லை. சேமியா மாதிரி சுருள்கள் இரண்டு பக்கமும் கொட்டின, சில ஒரு சாணுக்கு மேல். ஓரம் கத்தியால் நறுக்கியது போல. 3 நிமிஷம் 40 விநாடி. அதே கை, அதே கட்டை, அதே எஃகு.

கேம்பில் இதை நாள் முழுக்கச் செய்தார்கள் என்பதை அன்றைக்கு என் தோள்பட்டைதான் நினைத்துப் பார்த்தது. பத்து மணி நேர வேலை சாதாரணம். போர்வையைக்கூட வேலையாளே சுருட்டித் தோளில் கொண்டுவர வேண்டும். படுக்கைக் கொட்டகையில் பேன், ஈர உடைகளின் நாற்றம். சாப்பாடு மட்டும் மலைபோல இருக்கும், ஆனால் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது என்பது பல கேம்புகளில் சமையல்காரர் போட்ட சட்டம். 1917 கோடையில் எட்டு மணி நேர வேலையும் சுத்தமான படுக்கையும் கேட்டுப் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முதல் உலகப் போருக்கு விமானம் செய்ய ஸ்ப்ரூஸ் மரம் அவசரமாகத் தேவைப்பட்ட நேரம் அது. ராணுவமே காட்டுக்குள் இறங்கியது, 1918 மார்ச் 1 முதல் எட்டு மணி நேரம் அமலுக்கு வந்தது. விமானத்துக்கு மரம் வேண்டியிருந்ததால் தொழிலாளிக்கு மெத்தை கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மரத்தை இழுத்துச் செல்லும் வேலைக்கு அதற்கு முன்பே இயந்திரம் வந்துவிட்டது. மாடுகள் இழுத்த இடத்தில், 1880-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் யுரேகாவில் ஜான் டால்பியர் நீராவியால் வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். செங்குத்து மலையில் ஏற, எல்லாச் சக்கரத்துக்கும் பல்சக்கரம் வழியே விசை கொடுக்கும் ஷே ரயில் எஞ்சின்கள் வந்தன. 1909-ல் கட்டிய அப்படியொன்று, பெக்கி என்று பெயர், போர்ட்லாந்தில் உலக வனவியல் மையத்தின் வாசலில் பல வருஷம் நின்றது. ஆனால் மரத்தைச் சாய்ப்பது மட்டும் இரண்டாம் உலகப் போர் வரைக்கும் இந்த ரம்பத்தின் கையில்தான் இருந்தது. முதலில் வந்த சங்கிலி ரம்பங்களின் பல்லும் இதே வெட்டுப்பல், வாரிப்பல் ஏற்பாடுதான். அடிக்கடி அரம் கேட்கும். 1946-ல் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, கட்டைக்குள் ஒரு வண்டுப்புழு பிறைபோன்ற தாடையை இடமும் வலமுமாக அசைத்து மரத்தைத் தின்றுகொண்டே போவதைப் பார்த்தார். கீறுவதும் வாருவதும் அதற்கு ஒரே வாய். அந்தத் தாடையையே சங்கிலியில் வைத்தார். இன்றைக்குக் கடையில் விற்கும் சங்கிலியெல்லாம் அந்தப் புழுவின் வாரிசுதான்.

அப்படியும் கை ரம்பத்துக்கு அரம் போடத் தெரிந்தவர்கள் அற்றுப்போகவில்லை. 1964-ல் வந்த வனாந்தரச் சட்டப்படி பாதுகாத்த காடுகளுக்குள் மோட்டார் கருவி பொதுவாகக் கூடாது. பாதையில் மரம் விழுந்தால் வனத்துறை ஆட்கள் இதே மாதிரி ரம்பத்தைத்தான் தோளில் தூக்கிப்போகிறார்கள். அதனால்தான் நான் தேடியபோது அளவுகளும் சொல்லித்தர ஆட்களும் கிடைத்தார்கள்.

அறுத்து முடித்த வில்லையை அந்தப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுருளில் ஒரு கைப்பிடியை முகர்ந்துவிட்டு, "அப்பாவின் சட்டை" என்றார். மானைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ரம்பத்துக்கு எண்ணெய் பூசி, பல்லுக்குப் பழைய தோட்டக் குழாயைப் பிளந்து உறை போட்டு மாட்டும் முன், முழு நீளத்தையும் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. நீல டிக் மட்டும். பிறகு ஒரு குரல்செய்தி வந்தது.

"நல்லா வந்திருக்குலே. மட்டம் சுத்தமா இருக்கு. ஆமா, வலது கைப்பிடியிலருந்து எட்டாவது கூட்டத்துல ஒரு பல்லு மொட்டையா நிக்குதே, அத எலியா கடிச்சுது?"